போர்ட்டிங்கா, சீட் வேலையா, பல் மாற்றமா: 350 புல்லட்டின் ஹெட்டைக் கழற்றும் முன்

“அண்ணாச்சி, வண்டி மேட்டுல இழுக்க மாட்டேங்கு. ஹெட்டுல போர்ட்டிங் போட்டுட்டா சரியாயிரும்லா?”

வண்ணார்பேட்டையிலிருந்து வள்ளியூர் வரை, புல்லட் பார்க்கும் பட்டறைகளில் அடிக்கடி வந்து நிற்கும் கேள்வி இது. கேட்பவர் மனதில் இருப்பது போர்ட்டின் வாய், அதாவது சிலிண்டருக்கு மேல் மூடியாக உட்காரும் ஹெட்டில் காற்று போய்வரும் வழியின் வாய். இன்லெட் ஓட்டையை அகலப்படுத்திக் கண்ணாடி மாதிரி பளபளக்க வைத்துவிட்டால் காற்று கூடுதலாக உள்ளே போகும், குதிரைத்திறன் ஏறும் என்பது நம்பிக்கை. அதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் பணத்தைத் தின்கிறது.

இங்கே கணக்குக்கு எடுத்துக்கொள்வது யுசிஇ எஞ்சின் (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருப்பது) போட்ட 350 புல்லட், கிளாசிக். போர் (சிலிண்டரின் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ., 346 சிசி. 5,250 ஆர்பிஎம்மில் 19.8 குதிரை, 4,000 ஆர்பிஎம்மில் 28 நியூட்டன் மீட்டர் டார்க். பழைய கேஸ்ட் அயர்ன் புல்லட்டுக்கும் போர், ஸ்ட்ரோக் இதேதான். அதனால் கீழே வரும் காற்றுக் கணக்கு அதற்கும் பொருந்தும். ஹைட்ராலிக் டேப்பட் (வால்வு இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் பாகம்) பற்றிச் சொல்வது மட்டும் பொருந்தாது.

வழிகள் நான்கு. ஹெட்டைத் தொடாமல் முன் ஸ்பிராக்கெட்டில் (செயினை ஓட்டும் பல்சக்கரம்) ஒரு பல் குறைப்பது. ஹெட்டைக் கழற்றி, கரி எடுத்து, கைடும் (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய்) சீட்டும் (வால்வு வந்து உட்காரும் வளையம்) மட்டும் சரிசெய்வது. அதோடு வால்வுக்கு அடியிலுள்ள கிண்ணத்தைச் சீராக்குவது. கடைசியாக, போர்ட்டையே பெரிதாக்கி, பெரிய வால்வு போட்டு, வால்வைத் தூக்கும் கேமும் மாற்றுவது. போர்ட்டிங் என்ற ஒரே பெயரில் மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்துப் பேசுவதால்தான் குழப்பம்.

மடையும் வாய்க்காலும்

தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். மடை ஒரு முழம் அகலமாக இருக்கும்போது வாய்க்காலை இரண்டு முழம் வெட்டினால் வயலுக்குத் தண்ணீர் கூடாது. வாய்க்காலில் ஓட்டம்தான் மந்தமாகும். ஓட்டம் மந்தமானால் வண்டல் படியும். ஹெட்டில் மடை என்பது வால்வும் சீட்டும். வாய்க்கால் என்பது கார்புரேட்டரிலிருந்து சீட் வரை வரும் போர்ட். வண்டல் என்பது பெட்ரோல்: காற்றின் வேகம் குறைந்தால் துளிகள் காற்றோடு கலந்து போகாமல் போர்ட் சுவரில் ஒட்டி ஓடும். பிளக் சில நேரம் நனையும், சில நேரம் காயும்; திராட்டிலைத் திருகினால் வண்டி ஒரு கணம் முழுங்கும்.

எண்ணில் பார்க்கலாம். பிஸ்டன் பரப்பு 3,848 சதுர மி.மீ. இன்லெட் போர்ட் 28 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு 616. இரண்டுக்கும் விகிதம் 6.25. 3,000 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 9 மீட்டர். போர்ட்டில் காற்று அதைப்போல 6.25 மடங்கு, சுமார் 56 மீட்டர் வேகத்தில் வரும். அதே போர்ட்டை 32 மி.மீ. ஆக்கினால் பரப்பு 804, வேகம் 43 மீட்டர். கால்வாசி வேகம் போய்விட்டது. ஓடும் காற்றின் உந்துதல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அதில் நாற்பது சதவீதம் காலி. பிஸ்டன் கீழே வந்து நின்று மேலேறத் தொடங்கிய பிறகும், வால்வு மூடும் வரை காற்று தன் வேகத்தாலேயே உள்ளே நுழைந்துகொண்டிருக்கும். குறைந்த ஆர்பிஎம்மில் சிலிண்டரை நிரப்புவது அந்தக் கடைசித் தள்ளல்தான். 32 மி.மீ. போர்ட் அதைத்தான் பறிக்கிறது.

5,250 ஆர்பிஎம்மில் அதே கணக்கு 98 மீட்டருக்கு எதிராக 75. அந்த வேகத்தில் பெரிய போர்ட் மூச்சுத் திணறாது, உண்மைதான். ஆனால் அங்கே எத்தனை நிமிஷம் ஓட்டுகிறோம்? செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவில் இரண்டு பேரோடு ஏறும் வண்டி இரண்டாவது, மூன்றாவது கியரில் 2,500க்கும் 3,500க்கும் நடுவில் கிடக்கும். நான்குவழிச் சாலையில் நாங்குநேரி, பணகுடி, காவல்கிணறு என்று ஆடிக் காற்றில் போகும்போதுகூட ஐந்தாவது கியரில் 4,000, 4,500தான்.

முதலில் மலிவானது: ஒரு பல்

மேட்டில் இழுவை மட்டும்தான் குறை என்றால் ஹெட்டுக்கு முன் ஸ்பிராக்கெட்டைப் பாருங்கள். முன்னால் 17 பல் இருந்து அதை 16 ஆக்கினால் பின்சக்கரத்துக்குப் போகும் இழுவை 6 சதவீதம் கூடும். எல்லாக் கியரிலும், எல்லா ஆர்பிஎம்மிலும். ஒரு மதிய வேலை. பிடிக்கவில்லை என்றால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஹெட்டில் கடைந்த அலுமினியத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. இதற்குக் கொடுக்கும் விலை, 4,000 ஆர்பிஎம்மில் போன வேகத்துக்கு இனி 4,250 வேண்டும்: அதிர்வு சற்றுக் கூடும், மைலேஜ் சற்றுக் குறையும். தினமும் நாகர்கோவில் போய்வருபவருக்கு இது ஒத்துவராது. அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கமே சுற்றுபவருக்கு இதுவே போதும். அவர் இதற்கு மேல் படிக்க வேண்டியதுகூட இல்லை.

சீட் வேலை: யாரும் பெருமையாகச் சொல்லாதது

வால்வு 36 மி.மீ. என்று எடுத்துக்கொள்வோம். அது தூக்கும் உயரம் விட்டத்தில் கால்பங்கு, அதாவது 9 மி.மீ. வரும்போதுதான் விளிம்பைச் சுற்றியுள்ள இடைவெளியின் பரப்பு வால்வின் பரப்புக்குச் சமமாகும். அதுவரை காற்றைத் தடுப்பது போர்ட் அல்ல, சீட்டுக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள அந்த இடுக்கு. வால்வு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மூடும்போதும் அந்த இடுக்கைக் கடக்கிறது. 50,000 கி.மீ. ஓடிய ஹெட்டில் சீட் அகலமாகி 2, 2½ மி.மீ. தட்டையான பட்டையாகக் கிடக்கும். காற்று அதில் முட்டித் திரும்பும்.

மூன்று கோணம் வெட்டுவது இதற்குத்தான். வால்வு உட்காரும் முகம் 45 டிகிரி. அறைப் பக்கம் 30. போர்ட் பக்கம் 60. 30, 60 இரண்டும் 45ஐ இருபுறமும் ஒடுக்கி, இன்லெட்டில் 1 முதல் 1.2 மி.மீ., எக்ஸாஸ்டில் 1.5 மி.மீ. பட்டையாக விட வேண்டும். எக்ஸாஸ்டில் ஏன் அகலம் என்றால், அந்த வால்வு தன் சூட்டை இறக்கி வைக்கும் முக்கிய இடம் அந்தப் பட்டை. அதை 1 மி.மீ. ஆக்கினால் காற்றோட்டம் ஒரு சிட்டிகை கூடும், சித்திரை வெயிலில் வால்வு விளிம்பு வெந்து கரையும்.

சீட் வெட்டுமுன் கைடைப் பாருங்கள். கைடு தேய்ந்திருந்தால் கட்டரைக் கைடுக்குள் நேராகப் பிடிக்கும் பைலட் கம்பி ஆடும், ஆடினால் சீட் வட்டமாக வராது. பிறகு எவ்வளவு நேரம் லேப்பிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்தாலும் ஒரு பக்கம் ஒழுகும். கைடு மாற்றினால் சீட் கட்டாயம் வெட்ட வேண்டும், ஏனென்றால் புதுக் கைடின் மையம் பழையதன் மையத்தோடு அப்படியே பொருந்தாது. இந்த வரிசையை மாற்றிச் செய்யும் லேத் பட்டறைக்கு ஹெட்டைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று அடிக்கடி தவறிப்போகிறது. சீட் வெட்ட வெட்ட வால்வு ஹெட்டுக்குள் இறங்கும், அதன் தண்டு நுனி, வால்வை அமுக்கும் ராக்கர் கையின் பக்கம் ஏறும். யுசிஇ எஞ்சினில் இருப்பது ஹைட்ராலிக் டேப்பட். அந்த ஏற்றத்தை ஓரளவுக்கு அதுவே விழுங்கிக்கொள்ளும். அளவு மீறினால் டேப்பட் அடிவரை அமுங்கி, வால்வு முழுதாக மூடாமல் நிற்கும். கம்ப்ரெஷன் வராது, லேத்காரர் மெக்கானிக்கைச் சொல்வார், மெக்கானிக் லேத்தைச் சொல்வார். வெட்டுமுன் தண்டு நுனியின் உயரத்தை டெப்த் கேஜால் அளந்து குறித்துக்கொண்டால் இந்தச் சண்டை வராது. ஏறிய அளவுக்கு ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கும். அதே கனத்தில் ஷிம் (மெல்லிய வட்டத் தகடு) ஒன்றை ஸ்பிரிங்குக்கு அடியில் போட வேண்டும்.

பழைய வண்டியில் இந்த வேலை மட்டுமே தரும் மாற்றம் பலரை ஏமாற்றிவிடும். “போர்ட்டிங் போட்டேன், வண்டி பறக்குது” என்பவர்களில் பாதிப்பேர் வண்டியில் பறப்பது புதுச் சீட்டுதான்.

கிண்ணம்: கையை வைக்க வேண்டிய இடம்

ஹெட்டைத் திருப்பி, வால்வை எடுத்துவிட்டு விரலை உள்ளே விடுங்கள். சீட் வளையம் முடிந்து அலுமினியம் தொடங்கும் இடத்தில் ஒரு படி நெருடும். ஆலையில் சீட்டுக்கு அடியில் வெட்டிய கட்டரும் வார்ப்பு அச்சும் சந்திக்கும் இடம் அது. பல ஹெட்டுகளில் அரை மி.மீ.க்குக் குறையாது. போர்ட் வழியாக வளைந்து வரும் காற்று வால்வைத் தொடுவதற்குச் சற்று முன்னால் இதில் முட்டிச் சுழல்கிறது. கைடு நீட்டிக்கொண்டிருக்கும் முண்டும் அங்கேதான். மொத்தப் போர்ட்டிங்கில் பிரயோசனமான பகுதி சீட்டுக்கு அடியிலுள்ள இந்த 12, 15 மி.மீ. ஆழம்தான்.

தேவைப்படுவது 6 மி.மீ. ஷாங்க் (தண்டு) பிடிக்கும் டை கிரைண்டர், அலுமினியத்துக்கான அகலப் பல் கார்பைடு பர் (சுழன்று கடையும் முனை), மண்ணெண்ணெய், எமரி. இரும்புக்கான நெருக்கப் பல் பர்ரை எடுத்தால் இரண்டு நிமிஷத்தில் பல்லிடுக்கில் அலுமினியம் அப்பிக்கொண்டு வெட்டுவதற்குப் பதில் உரசும். பர்ரை அவ்வப்போது மண்ணெண்ணெயில் தொட்டுக்கொண்டால் அப்பாது. நீள ஷாங்க் பர்ரைப் போர்ட்டுக்கு வெளியே முழு வேகத்தில் சுழலவிடாதீர்கள். வளைந்து சாட்டையாக அடிக்கும். உள்ளே வைத்த பிறகே சுவிட்ச்.

கிண்ணத்தின் குறுகலான இடம், அதாவது தொண்டை, வால்வு விட்டத்தில் 85 முதல் 88 சதவீதம் இருக்கலாம். 36 மி.மீ. வால்வுக்கு 30.6 முதல் 31.7. உட்புறக் காலிப்பரால் அளந்து, ஏற்கெனவே அங்கே இருந்தால் விட்டம் கூட்டவே வேண்டாம், படியை மட்டும் கரைத்தால் போதும். 90ஐத் தாண்டினால் சீட் வளையத்தைத் தாங்கும் அலுமினியம் மெலிந்து, ஒருநாள் சூட்டில் வளையம் கழன்று விழும். வளையம் விழுந்தால் பிஸ்டனும் போச்சு.

வேலை நடக்கும்போது ஒரு பழைய வால்வைப் பெரும்பாலும் உள்ளேயே வைத்திருங்கள், பர் நழுவினால் சீட் தப்பிக்கும். சீட்டின் வெட்டிய முகத்திலிருந்து 1.5 மி.மீ. தள்ளி மார்க்கரால் கோடு போட்டு, அதற்கு மேல் பர் ஏறக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து விநாடி கடைந்தால் ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள்; கண்ணைவிட விரல் நுனி நம்பகமானது.

கைடு முண்டை முழுதாகச் சீவிவிடாதீர்கள். படகின் முன்பக்கம் மாதிரி இருபுறமும் ஒடுக்கினால் காற்று பிரிந்து சேரும். கைடையே வெட்டிக் குட்டையாக்கினால் வால்வு ஆடி, சில ஆயிரம் கி.மீ.யில் சீட் வேலை வீண்.

போர்ட்டின் தரை வளைந்து சீட்டுக்குள் இறங்கும் உள்வளைவுதான் அதிகம் கெடுக்கப்படுகிற இடம். கைக்கு எட்டுவது அதுதான் என்பதால் பர் தானாகவே அங்கே தோண்டும். தரை தாழ்ந்தால் வளைவு கூர்மையாகும். காற்று அந்த மூலையில் திரும்ப முடியாமல் பிய்ந்து எதிர்ச் சுவரில் மோதும். இன்லெட்டில் தரையைத் தொடாதீர்கள், கூர்முனை இருந்தால் எமரியால் உருட்டுங்கள், அவ்வளவே. எடுக்க வேண்டுமானால் கூரைப் பக்கம் எடுக்கலாம், ஆனால் அங்கே சுவர் கனத்தை வெளிக் காலிப்பரால் பார்த்துக்கொண்டுதான். கூரைக்கு மேலே எண்ணெய் நிற்கும் ராக்கர் அறை. சுவர் ஓட்டை விழுந்தால் எண்ணெய் இன்லெட்டில் இறங்கி, வண்டி ஆயுளுக்கும் நீலப் புகை விடும்.

இன்லெட்டைப் பாலிஷ் போடச் சொல்பவர்கள் நிறைய. 80 எமரியோடு நிறுத்துவது நல்லது. சற்றுச் சொரசொரப்பான சுவரில் பெட்ரோல் படலம் உடைந்து மீண்டும் காற்றோடு சேரும். எக்ஸாஸ்டில் பெட்ரோல் இல்லை, கரிதான் எதிரி. அதை 120, 220 என்று வழவழப்பாக்கலாம். கரி பிடிக்க நாளாகும்.

கார்ப் பக்க வாயில், இன்சுலேட்டர் ரப்பர், கேஸ்கெட், போர்ட் மூன்றும் ஒன்றாகப் பொருந்துகிறதா என்று மையால் ஒற்றிப் பார்த்துவிட்டு, நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். கேஸ்கெட் அளவுக்கே வாயைப் பெரிதாக்குவது வேண்டாம். கேஸ்கெட் எப்போதும் சற்றுப் பெரிதாகத்தான் வெட்டியிருக்கும். எக்ஸாஸ்டில் சைலன்சர் குழாய் போர்ட்டைவிடப் பெரிதாக இருந்தால் அந்தப் படியை விட்டுவிடலாம். வெளியே போன புகை திரும்பி வருவதை அது தடுக்கும்.

இரண்டு போர்ட்டுக்கும் சேர்த்து ஆறிலிருந்து எட்டு மணி நேர வேலை. சீட்டோடு சேர்ந்து நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் ஒன்று, ஒன்றரைக் குதிரை எதிர்பார்க்கலாம். பழைய கேமை வைத்துக்கொண்டு ஹெட்டில் மட்டும் ஐந்து குதிரை ஏற்றித் தருகிறேன் என்பவரிடம், குதிரைத்திறனை எந்திரத்தில் அளந்த டைனோ தாளைக் கேளுங்கள்.

பெரிய வால்வும் கேமும்

இது வேறு வண்டி செய்யும் வேலை. சீட் வளையத்தைத் தோண்டி எடுத்துப் பெரியதை இறுக்கிப் போட வேண்டும். இரண்டு வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும்போது ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க வேண்டும். பிஸ்டன் தலையில் களிமண் உருண்டை வைத்து, கையால் எஞ்சினை இரண்டு சுற்றுச் சுற்றி, களிமண்ணை வெட்டி அளந்தால் இன்லெட்டில் 1.5, எக்ஸாஸ்டில் 2 மி.மீ. குறையாமல் நிற்க வேண்டும். உயரத் தூக்கும் கேம் போட்டால் ஸ்பிரிங் சுருள்கள் ஒட்டிக்கொள்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் இந்த எஞ்சினில் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பெரிய ஹெட் தன் சக்தியை 6,500 பக்கம் காட்டும். 90 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 6,500 ஆர்பிஎம் என்றால் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 19.5 மீட்டர். புல்லட்டின் கிராங்கும் கனெக்டிங் ராடும் அதற்காகப் பிறந்தவை அல்ல. மேலே போக முடியாத எஞ்சினுக்கு மேலே மூச்சு விடும் ஹெட் எதற்கு? இதே செலவைப் பல்சர் 220 மாதிரி வண்டியில் போட்டால் நியாயம் உண்டு; 62.4 மி.மீ. ஸ்ட்ரோக், கம்பெனியே 8,500இல்தான் உச்ச சக்தி என்கிறது, அங்கேகூட பிஸ்டன் வேகம் 17.7தான். ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கு: போர்ட்டிங் என்பது டூ ஸ்ட்ரோக்கில் ஹெட்டில் அல்ல, சிலிண்டர் பிளாக்கில் நடப்பது; அங்கே ஒரு மி.மீ. தூக்கினால் டைமிங்கே மாறும், இந்தக் கட்டுரையின் எந்த எண்ணும் செல்லாது. ஸ்பிளெண்டர்காரர்கள்: எட்டுக் குதிரையில் ஐந்து சதவீதம் கூட்டினால் அரைக் குதிரைகூடத் தேறாது. ஏர் ஃபில்டரை மாற்றிவிட்டுப் போங்கள்.

பெரிய பிஸ்டன் போட்டு சிசியையும் கூட்டச் சொன்னால் ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரம் மாறிவிடும்; 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்.

மாட்டிய பிறகு

மூடுவதற்கு முன் ஹெட்டைச் சோப்புத் தண்ணீரில் சுடச்சுடக் கழுவி, எண்ணெய்த் துவாரங்கள் ஒவ்வொன்றிலும் காற்றடிக்க வேண்டும். ஒரு துளி அலுமினியத் தூள் டேப்பட்டுக்குள் போனால் அது கிடுகிடுவென்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். பிறகு வால்வு, ஸ்பிரிங், பிளக் போட்டு, ஹெட்டைத் தலைகீழாக வைத்து அறையில் பெட்ரோல் ஊற்றுங்கள். ஐந்து நிமிஷத்தில் போர்ட்டில் ஈரம் தெரியக்கூடாது.

காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது இ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் இதற்குச் சுமார் 13.5தான். பழைய ஜெட்டோடு (பெட்ரோலை அளந்து விடும் துளை) ஓடும் கார்ப் வண்டி ஏற்கெனவே சற்று வறண்டுதான் ஓடுகிறது. அதன் மேல் ஹெட்டையும் திறந்துவிட்டு ஜெட்டைத் தொடாமல் விட்டால் மே மாதத்தில் எக்ஸாஸ்ட் வால்வு எரியும். மெயின் ஜெட் ஒரு அளவு, தேவைப்பட்டால் இரண்டு அளவு ஏற்றிவிட்டு, போக்குவரத்து இல்லாத நேரத்தில் நேர்ச்சாலையில் நான்காவது கியரில் திராட்டிலை நன்றாகத் திறந்து சிறிது தூரம் போய், கிளட்சைப் பிடித்து எஞ்சினை அங்கேயே அணைத்து ஓரங்கட்டிப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் வெளிர்பழுப்பாக இருந்தால் சரி; வெளுத்திருந்தால் ஜெட் இன்னும் ஏற வேண்டும். இன்ஜெக்ஷன் வண்டிக்கு ஜெட் கிடையாது. மேப், அதாவது எவ்வளவு பெட்ரோல் விடுவது என்ற கணக்கை, மாற்றுபவர் கைவசம் இல்லாமல் ஹெட்டைத் திறக்கவே வேண்டாம்.

திசையன்விளை, உவரிப் பக்கத் தேரி மண்ணில் ஓடும் வண்டிக்கு ஒரு விதி தனி: காற்று கூட வேண்டும் என்று ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி வலைக் கூம்பு மாட்டாதீர்கள். அந்தச் செம்மண் தூள் எமரிப் பேஸ்டுக்குச் சமம், புதுக் கைடையும் ரிங்கையும் ஒரு கோடையில் தேய்த்துவிடும்.

லேத்துக்கு ஹெட்டை அனுப்பும்போது வாயால் சொல்லி அனுப்பாமல் ஒரு அட்டையில் எழுதிக் கம்பியால் கட்டிவிடுங்கள்: கைடு முதலில், சீட் பிறகு. 30, 45, 60. இன்லெட் பட்டை 1.2க்கு மேல் வேண்டாம், எக்ஸாஸ்ட் 1.5. தொண்டை 31ஐத் தாண்டக்கூடாது. தரையைத் தொட வேண்டாம், போர்ட் வாயைப் பெரிதாக்க வேண்டாம், இன்லெட்டில் பாலிஷ் வேண்டாம். தண்டு நுனி உயரம் வெட்டுமுன் எவ்வளவு, வெட்டிய பின் எவ்வளவு என்று இதே அட்டையில் எழுதித் தரவும்.